அரை மில்லி

குழந்தை பிறந்த செய்தி வந்தால் நாம் எல்லோரும் மூன்று கேள்விகள் கேட்போம். பையனா, பொண்ணா? நார்மலா, சிசேரியனா? வெயிட் எவ்வளவு? மூன்றுக்கும் திருப்தியான பதில் வந்துவிட்டால், நாலாவதாக ஒன்று: 'பால் நல்லா குடிக்குதா?'

அந்த நாலாவது கேள்வியை 2023-க்குப் பிறகு நான் யாரிடமும் கேட்பதில்லை.

ஒவ்வொரு ஆகஸ்ட் முதல் வாரமும் உலகத் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறோம். ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் போஸ்டர். கொழுகொழுவென்று ஒரு குழந்தை, குனிந்து பார்த்துச் சிரிக்கிற ஓர் அம்மா. ரொம்ப நல்ல போஸ்டர்தான். ஆனால், அந்தக் குழந்தைக்கு வாய் இருக்கிறது, உறிஞ்சத் தெம்பு இருக்கிறது, அம்மாவின் மடியில் இடமும் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இல்லாத குழந்தைக்கு யாரும் போஸ்டர் அடித்து நான் பார்த்ததில்லை.

என் தங்கை மகளுக்கு 2023 நவம்பரில், தீபாவளி முடிந்த அடுத்த வாரம் பிரசவம் ஆனது. டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதி ஜனவரிக் கடைசி. நடுவில் பிரஷர் எகிறிவிட்டது. முகம், கால் எல்லாம் வீக்கம். இனி காத்திருந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 31-வது வாரத்தில் அவசர சிசேரியன். பெண் குழந்தை. 1,340 கிராம். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும்தான் இருந்தாள். (அம்மாக்காரியின் பெயரை எழுதப்போவதில்லை. "எல்லாத்தையும் எழுதுங்க பெரியம்மா, பேரு மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.)

குழந்தை இரண்டாவது மாடியில், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். அம்மா நாலாவது மாடியில், தையல் வலியோடு. குழந்தைக்கு மூக்கில் காற்றுக்கு ஒரு குழாய், வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். குழந்தைகள் டாக்டர் வந்தார். நல்ல மனிதர். "இவங்க பால்தாங்க இப்ப குழந்தைக்கு முதல் மருந்து. கொண்டு வாங்க" என்றார். போய்விட்டார்.

அவர் சொன்னது முழு உண்மை. குறைமாதக் குழந்தையின் குடல் இன்னும் தயாராகாத குடல். திடீரென்று அழற்சி வந்து குடலின் ஒரு பகுதியே அழுகிப்போகிற கொடூரமான நோய் ஒன்று இந்தக் குழந்தைகளைத்தான் தேடி வரும். பவுடர் பாலோடு ஒப்பிட்டால், தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளுக்கு அது வருவது குறைவு. போதாததற்கு, குறைமாதத்தில் பெற்ற அம்மாவின் பாலில் ஆரம்ப நாட்களில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருட்களும் கூடுதலாக இருக்கும். உடம்புக்கு எப்படித் தெரிகிறது பாருங்கள், குழந்தை சீக்கிரம் வந்துவிட்டது என்று!

எல்லாம் சரி. 'கொண்டு வாங்க' என்றால் எப்படிக் கொண்டு வருவது? ரத்தம் வேண்டுமென்றால் எந்த ரத்த வங்கி என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். மாத்திரைக்குச் சீட்டு உண்டு, ஊசிக்குச் சீட்டு உண்டு. இந்த ஒரு மருந்துக்கு மட்டும் வழி சொல்ல அங்கே ஆள் இல்லை.

இரண்டாவது நாள் சாயங்காலம் தீர்ப்பு வந்துவிட்டது. சொன்னது என் தங்கைதான். "சொட்டு கூட இல்லக்கா. இவளுக்குப் பால் இல்ல." மகள் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். சம்பந்தியம்மா பூண்டு உரித்துப் பாலில் வேகவைத்து எடுத்து வந்தார். இன்னொருவர் சுறாப்புட்டு. சுறாப்புட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதன் ருசிக்காக. ஆனால் பால் சுரப்பதைத் தீர்மானிப்பது தட்டில் இருப்பதைவிட, பால் எத்தனை முறை எடுக்கப்படுகிறது என்பதுதான். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் உடம்புக்கு 'இன்னும் வேண்டும்' என்ற செய்தி போகும். உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற வித்தை குழந்தைக்குச் சுமார் 34 வாரத்தில்தான் கூடிவரும். 31 வாரத்தில் வெளியே வந்தவள் எப்படிச் செய்தி அனுப்புவாள்? யாராவது அவளுக்குப் பதிலாக அனுப்ப வேண்டும்.

அனுப்ப வைத்தவர் ராத்திரி டியூட்டிக்கு வந்த ஒரு சிஸ்டர். மார்த்தாண்டம் பக்கம். "பால் இல்லன்னு ஆரு சொன்னா மக்களே? நீ கேட்டுப் பாத்தியா?" என்றார். (அவர்கள் ஊரில் ஒரே ஒரு ஆளாக இருந்தாலும் 'மக்களே'தான்!)

பம்ப் வாங்கி வரட்டுமா என்று மாப்பிள்ளை எழுந்தார். "இப்ப வேண்டாம். சீம்பால் பிசினு மாதிரி. பம்புலயே ஒட்டிக்கிடும். கைதான் நல்லது." கையைக் கழுவச் சொன்னார். வெந்நீரில் நனைத்த துணியால் கொஞ்சம் ஒத்தடம். பிறகு கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, கறுப்பு வட்டத்தின் ஓரத்தில். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தணும், அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்கணும், விடணும். தோலை இழுக்கவோ தேய்க்கவோ கூடாது. காம்பைப் பிடித்துப் பிழியவே கூடாது. பத்து நிமிஷம் ஒன்றுமே வரவில்லை. என் தங்கை என்னைப் பார்த்தாள். சிஸ்டர் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

நாங்கள் திரும்பி உள்ளே வந்தபோது ஊசி இல்லாத ஒரு சின்ன சிரிஞ்சில் மஞ்சளாக ஏதோ இருந்தது. அரை மில்லி.

என் தங்கைக்கு முகம் விழுந்துவிட்டது. இவ்வளவுதானா? சிஸ்டருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "போதும் மக்களே. உள்ள ரெண்டு மணிக்கொருக்க ஒரு மில்லிதான் குழாய்ல போகும். இதக் கொஞ்சம் வாயில தடவுவாங்க. ஓடுங்க, கொண்டு குடுங்க." மாப்பிள்ளை சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர். இருபது பேரை மேய்க்கிறவர். அந்த அரை மில்லியைக் கற்பூரத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, லிஃப்டை நம்பாமல் படியில் இறங்கிப் போனார்.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், தயவுசெய்து இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை குடிக்க முடியாத நிலையில் இருந்தால், அம்மாவால் முடிகிற அளவுக்குச் சீக்கிரம், முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே, பால் எடுக்க ஆரம்பிப்பது நல்லது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, நாளைக்கு எட்டுத் தடவையாவது. ராத்திரியை விடக்கூடாது. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாக இருக்கும். முதல் இரண்டு வாரத்தில் அஸ்திவாரம் போட்டால்தான் பிறகு வீடு நிற்கும். எங்களுக்கு முதல் இரண்டு நாள் வீணாய்ப் போனதற்கு அந்தப் பெண் பொறுப்பில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். பக்கத்தில் அழுகிற குழந்தை கிடையாது. தையல் இழுக்கிறது. பிடித்து எழுப்பி உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டும். பம்பின் பாகங்களைக் கழுவி, கொதிக்க வைத்து எடுக்க ஓர் ஆள். லேபிள் ஒட்டி, நேரம் எழுதி, கீழே கொண்டு போக ஓர் ஆள். நான் முதல் வேலை, என் தங்கை இரண்டாவது, மாப்பிள்ளை மூன்றாவது. அவர் மில்லிக் கணக்கை எக்ஸெல்லில் போட்டு வைத்தார். மூன்றாம் நாள் மொத்தம் 14. ஐந்தாம் நாள் 90. ஏழாம் நாள் 70 ஆகக் குறைந்து நாங்கள் எல்லோரும் பதறினோம். அன்று குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. அம்மாவுக்கு அது தெரிந்துபோயிருந்தது. பால் சுரக்க ஒரு ஹார்மோன் என்றால், சுரந்த பால் இறங்குவதற்கு இன்னொரு ஹார்மோன். பயம், வலி, கூச்சம், மூன்றும் அதற்கு ஆகாது. குழந்தையின் போட்டோவைப் பார்த்தபடி, அதைச் சுற்றியிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு எடுத்தால் இறங்கும் என்று சிஸ்டர் சொல்லித் தந்தார். இறங்கியது.

அதே வாரம் ஓர் உறவுக்காரர் வந்து, "பால்ல ஏதோ பொடி கலக்குறாங்களாமே, இவ பால்ல சத்தில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் சாதாரணக் குழந்தையைவிட நிறைய வேண்டும். எந்த அம்மாவின் பாலிலும் அவ்வளவு இருக்காது. அதற்காகச் சேர்க்கிற பொடி அது. இதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. அவர் ஒரு வார்த்தையில் கிளப்பிவிட்ட சந்தேகத்தை அந்தப் பெண்ணின் மனசிலிருந்து இறக்க நாலு நாள் ஆனது.

இனி கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன். ஆறாம் நாள் அம்மாவை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். குழந்தை உள்ளேதான். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி 'விசிட்டிங் அவர்'. யோசித்துப் பாருங்கள், பெற்றவள் விசிட்டர்! பக்கத்துத் தெருவில் ஒரு ரூம் எடுத்துத் தங்கினோம். அவள் பகல் முழுக்க இரண்டாவது மாடி வராந்தாவில், சாய்மானம் இல்லாத ஸ்டீல் பெஞ்சில். பால் எடுக்கணும் என்றால் பாத்ரூம், இல்லையென்றால் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் நிற்கணும். வாட்ச்மேன், மருந்துக் கம்பெனி ரெப்புகள் எல்லோரும் போகிற வழி அது. உள்ளே சுவரில் பெரிய எழுத்தில் 'தாய்ப்பாலே சிறந்தது'.

1978-ல் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோடாவில் எட்கர் ரே என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர்கள் பற்றாக்குறை. குறைமாதக் குழந்தைகளை அம்மாவின் நெஞ்சில், தோலோடு தோலாகக் கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு பையில் குட்டியை வைத்துக்கொள்ளும் இல்லையா, அது மாதிரி. பணமில்லாத ஊரின் வைத்தியம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதிலும், குழந்தை ஓரளவு தேறிய பிறகு செய்தால் போதும் என்றுதான் வழக்கம். 2021-ல் ஓர் ஆராய்ச்சி முடிவு வந்தது. டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் ஆப்பிரிக்காவின் நாலு நாட்டு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து செய்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகள். தேறட்டும் என்று காத்திருக்காமல், பிறந்த உடனேயே அம்மாவின் கட்டிலையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போட்டு, நெஞ்சோடு வைத்தார்கள். பழைய முறையில் 28 நாளுக்குள் 100-க்குச் சுமார் 16 குழந்தைகள் இறந்தன. புதிய முறையில் 12. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மற்றக் குழந்தைகளுக்கு இதை மறுப்பது தப்பு என்று ஆராய்ச்சியையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் 'உடனே ஆரம்பியுங்கள்' என்று சொல்லிவிட்டது.

எங்களுக்கு அது பன்னிரண்டாம் நாள்தான் கிடைத்தது. மார்த்தாண்டம் சிஸ்டர் டாக்டரிடம் பேசி வாங்கித் தந்தது. ஒரு மணி நேரம். வெளியே வந்தவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் 'எப்படியிருந்துச்சு' என்றேன். "கனமே இல்ல பெரியம்மா. ஆனா சுடுது" என்றாள். அன்று சாயங்காலம் எடுத்த பால் வழக்கத்தைவிட 20 மில்லி கூடுதல். எக்ஸெல்லில் இருக்கிறது.

34-வது வாரம் குழாயோடு சேர்த்து வாய் வழியாகவும் கொடுக்க ஆரம்பித்தார்கள். பாட்டில் இல்லை. சங்கு! நம் பாட்டிமார்கள் வைத்திருந்த அதே சங்கு. சில ஊர்களில் பாலாடை என்பார்கள். பாட்டில் காம்பு வேறு, அம்மாவின் காம்பு வேறு. பாட்டிலுக்குப் பழகினால் சில குழந்தைகள் அம்மாவிடம் வர முரண்டு பிடிக்கும். சங்கில் அந்த வம்பு இல்லை, கழுவுவதும் சுலபம். ஆனால் பாட்டிமார்கள் காலை நீட்டி, குழந்தையைப் படுக்கப்போட்டு, வாயைப் பிளந்து ஊற்றினார்களே... அது மட்டும் கூடவே கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். குழந்தையைச் சாய்த்து உட்கார்ந்த மாதிரி பிடித்து, முழித்திருக்கும்போது, மூக்கை உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் காட்டணும். அது தானாக நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும்.

அந்த பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி குழந்தைக்கு மேலண்ணம் பிளந்திருந்தது. அண்ணம் மூடாமல் உறிஞ்ச முடியாது. அவளும் எடுத்துத்தான் கொடுத்தாள். இன்னொரு குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. நாலு இழுப்புக்குள் களைத்துப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. மஞ்சள் காமாலைக் குழந்தையின் பாட்டி ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். அதனால் மஞ்சள் இறங்காது. பால் குடித்து, வெளிக்குப் போகப் போகத்தான் இறங்கும் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். ரொம்ப அபூர்வமாக, பாலில் உள்ள சர்க்கரையையே உடைக்க முடியாத பிறவிக் குறையோடு சில குழந்தைகள் பிறக்கும். அவர்களுக்குத் தாய்ப்பாலே ஆகாது. என்ன முயன்றும் பால் போதாத அம்மாக்களும் உண்டு. டாக்டர் சொல்லிப் பவுடர் பால் கொடுப்பவர்களைப் பார்த்து யாரும் 'உச்' கொட்ட வேண்டாம்.

பெஞ்சில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கம். அவள் குழந்தை 900 கிராம். ஒன்பது நாள் இருந்தது. எங்களில் அவளுக்குத்தான் பால் அதிகம். மறுநாள் சாமான்களை எடுக்க வந்தபோது அவள் அம்மா கையில் ஒரு பொட்டலம் மல்லிகைப் பூ. எனக்குச் சுருக்கென்றது. இந்த நேரத்தில் பூவா? தலைக்கு இல்லை. பால் வற்றுவதற்கு மார்பில் வைத்துக் கட்டுவார்களாம். நம் பக்கத்தில் பழைய வழக்கம். வேலூரில் இதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ச்சியே செய்து, 1988-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பூவுக்கும் பலன் இருந்தது. குழந்தை போய்விட்டது என்று மனசுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்கு ஒரு தடவை அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. "இதை வேற பிள்ளைக்குக் குடுக்க முடியாதாக்கா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

முடியும். தாய்ப்பால் வங்கி என்று ஒன்று இருக்கிறது. ஆசியாவிலேயே முதலாவது 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. நம் மாநிலத்திலும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி உள்படச் சில அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. கொடுப்பவரின் ரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, பரிசோதித்து, அம்மாவின் பால் கிடைக்காத குழந்தைக்குக் கொடுப்பார்கள். விற்கவோ வாங்கவோ கூடாது. 2024-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் நாங்கள் இருந்த ஆஸ்பத்திரியில் வங்கி இல்லை. எங்கே போய்க் கொடுக்கலாம் என்று அன்று சொல்ல யாரும் இல்லை. அவள் பூப்பொட்டலத்தோடு படியிறங்கிப் போனாள்.

எங்கள் குழந்தை 38 நாள் கழித்து 1,910 கிராமோடு வீட்டுக்கு வந்தாள். முதன்முதலாக நேராகக் குடித்தபோது நாலு நிமிஷம். பிறகு தூங்கிவிட்டாள். பொங்கல் வரைக்கும் பாதி நேரடியாக, பாதி சங்கில். மூன்றாவது மாதத்துக்கு மேல்தான் முழுக்க அம்மாவிடம். நடுவில் எடை ஏறாத ஒரு மாதம் டாக்டர் சொல்லி ராத்திரி ஒரு வேளை பவுடர் பாலும் போனது. இப்போது ஓடுகிறாள், பிடிக்க முடியவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்றதும் அவள் அம்மா கேட்டது ஒன்றுதான். "அந்த பெஞ்சைப் பத்தி எழுதுங்க பெரியம்மா." ஊருக்குக் கிளம்பும் முன்பே அவர்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள். சாய்ந்து உட்கார நாற்காலி, மறைக்க ஒரு திரை, கை கழுவ ஒரு குழாய், ஒரு பிளக் பாயின்ட். நாலே விஷயம்.

போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது இரண்டாவது மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பெஞ்சை எடுத்துவிட்டு மூன்று நாற்காலி போட்டிருக்கிறார்கள். கை வைத்த, சாய்மானம் உள்ள நாற்காலி. பிளக் பாயின்டும் வந்துவிட்டது. திரைக்கு அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். ஒரு நாற்காலியில் ஒரு பெண், துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.